டெல்லிக்கு மேலே ஓடும் காற்றும் தொண்டி மழையும்

ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மாதம் வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் போதும், "வடக்கே மேற்கத்திய இடையூறு வருது, ஜெட் காற்று தெற்கே இறங்குது, அதனால மழை நமக்கு இல்ல" என்று வாட்ஸ்அப்பில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஜெட் காற்று என்பது மேற்கிலிருந்து கிழக்கே ஆறுபோல வேகமாக ஓடும் உயர்மட்டக் காற்று; அது இருப்பது டெல்லிப் பக்கம், அதுவும் 12 கிலோமீட்டர் உயரத்தில். ராமநாதபுரத்திலிருந்து டெல்லிக்கு நேர்கோட்டிலேயே 2,100 கிலோமீட்டர். அங்கே ஓடும் காற்றுக்கும் இங்கே கண்மாய் நிறைவதற்கும் என்ன சம்பந்தம்? கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: வட இந்தியாவுக்குக் குளிர்கால மழை தரும் அந்த இடையூறை ஜெட் காற்று கொண்டுவருகிறதா, இல்லை இடையூறுதான் ஜெட் காற்றை இழுத்துக்கொண்டு வருகிறதா?

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் நேரடியாக இல்லை, நடுவில் ஒருத்தர் இருக்கிறார். அவரைக் கணக்கில் சேர்க்காமல் எழுதுவதால்தான் அந்த வாட்ஸ்அப் செய்தி சில வருடம் பலிக்கிறது, சில வருடம் அப்பட்டமாகப் பொய்த்துப் போகிறது. இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது பிடிபட்டால் மற்றது தானாக வரும்.

நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடாகி மேலே ஏறும் காற்று, உச்சிக்குப் போனதும் வடக்கே நகர்கிறது. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. 30 பாகை (டிகிரி) வடக்கே போனால் அந்த வேகம் 1,450க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். தெற்கிலிருந்து கிளம்பிய காற்று தன் பழைய சுழற்சியைக் கையோடு கொண்டுவருவதால் கீழே இருக்கும் தரையை முந்திக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. கணக்குப்படி அந்த உந்தத்தைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து சேர்த்தால் மணிக்கு 480 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டும். வழியில் உரசலிலும் சுழல்களிலும் ஒரு பங்கு போய்விடுகிறது, மிச்சம்தான் நாம் காணும் ஜெட் காற்று. இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. தெற்கே வெப்பமான காற்று, வடக்கே குளிர்ந்த காற்று என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், உயரம் கூடக் கூட மேற்கிலிருந்து வீசும் காற்றின் வேகமும் கூடிக்கொண்டே போகும். பூமி சுழல்வதால் வரும் விளைவு இது. குளிர்காலத்தில் இமயமலையும் திபெத்தும் உறைந்து கிடக்க, தென்பகுதி கதகதப்பாக இருக்க, அந்த வித்தியாசம் உச்சத்தில் இருக்கிறது. அதனால்தான் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வட இந்தியாவின் குறுக்கே, ஏறத்தாழ 25 முதல் 30 பாகைக்குள், ஜெட் காற்று அவ்வளவு பலமாக ஓடுகிறது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் குளிர்கால அறிக்கைகளைப் பார்த்திருந்தால் "கடல் மட்டத்திலிருந்து 12.6 கிலோமீட்டர் உயரத்தில், இத்தனை நாட் வேகத்தில்" என்று ஒரு வரி கண்ணில் பட்டிருக்கும். 120 நாட் என்றால் மணிக்கு 220 கிலோமீட்டர். புயலுக்குப் பெயர் வைக்கும் வேகத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல், அது அங்கே சாதாரண நாள்.

இந்தக் காற்று நேர்கோட்டில் ஓடுவதில்லை, வளைந்து வளைந்துதான் ஓடும். தெற்கே தொங்கும் வளைவுக்கு அகடு என்றும் வடக்கே எழும் வளைவுக்கு முகடு என்றும் பெயர். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் ஓர் அகட்டைத்தான் மேற்கத்திய இடையூறு என்கிறோம். குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து வரும். பஞ்சாபின் கோதுமைக்கு மழையும் காஷ்மீருக்குப் பனியும் இவை கொடுப்பதுதான்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஜெட் காற்று மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இடையூறோ ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து தீர்க்கரேகைப் பாகை, அதாவது மணிக்கு 35, 40 கிலோமீட்டர்தான் நகர்கிறது. ஜெட் அதைச் சுமந்துகொண்டு வருவதாக இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் அல்லவா வர வேண்டும்? கண்மாய் மடையைத் திறந்துவிட்டால் வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் ஒரு கல்லில் மோதி ஓரிடத்தில் மேடாகத் தூக்கி நிற்கும் பாருங்கள், மேடு அங்கேயே இருக்கும், தண்ணீர் மட்டும் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரிதான், இடையூறு என்பது ஜெட்டில் விழுந்த வளைவு. அது மெதுவாக நகர்கிறது, காற்று அதனுள் பின்பக்கமாக நுழைந்து முன்பக்கமாக வெளியேறிப் போய்க்கொண்டே இருக்கிறது.

மழை எங்கே வரும் என்பதை முடிவு செய்வதும் காற்று இப்படி நுழைந்து வெளியேறுவதுதான். அகட்டின் வளைவில் திரும்பும்போது காற்று வேகம் குறைகிறது, அடுத்த முகட்டில் திரும்பும்போது கூடுகிறது. ஆக அகட்டுக்கும் அதற்குக் கிழக்கே உள்ள முகட்டுக்கும் நடுவில், உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று அதிகம். மேலே அப்படி ஒரு பற்றாக்குறை விழுந்தால் அதை நிரப்பக் கீழேயிருந்து காற்று ஏற வேண்டும். ஏறினால் தரையில் அழுத்தம் குறையும், அரபிக்கடல் ஈரம் உள்ளே இழுக்கப்படும், மேகம் கட்டும், மழை. அகட்டுக்குப் பின்பக்கம், அதாவது மேற்கே, கதை தலைகீழ்: மேலே நெரிசல், அதனால் காற்று கீழே அமுங்குகிறது, வானம் வெளுக்கிறது, வறண்ட குளிர் இறங்குகிறது. டெல்லியில் மழை நின்ற மறுநாள் பனிமூட்டமும் நடுக்கும் குளிரும் வருவது இதனால்தான்.

சரி, யார் யாரை இழுக்கிறார்கள்? ஜெட்டில் இருக்கும் வெப்ப வித்தியாசத்தைத் தின்றுதான் இடையூறு வளர்கிறது. வளர்ந்த இடையூறு வெப்பத்தை வடக்கேயும் குளிரைத் தெற்கேயும் தள்ளிவிட்டு, ஜெட் ஓடும் தடத்தையும் வேகத்தையும் மாற்றிவிட்டுப் போகிறது. இரண்டையும் பிரித்து ஒன்றைக் காரணம், மற்றதை விளைவு என்று எழுத முடியாது. "ஜெட் இறங்கியது, அதனால் இடையூறு வந்தது" என்கிற வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலும் அதே அளவுக்குச் சரியாகத்தான் இருக்கும்.

கீழக்கரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டுக்கு ஒருவராவது துபாய்ப் பக்கம் இருப்பார். அங்கே டிசம்பர், ஜனவரியில் பெய்கிற மழையில் பெரும்பங்கு இதே குடும்பத்து அகடுகளால் வருவது. துபாய் 55 பாகை கிழக்கே, டெல்லி 77 பாகை. நாளைக்கு எட்டு, பத்துப் பாகை என்று போட்டுப் பாருங்கள். துபாயில் ரோட்டில் தண்ணீர் நிற்கிற வீடியோ வந்தால், இரண்டு மூன்று நாளில் அதே அகடு வட இந்தியாவுக்கு வந்திருக்கும். எல்லா அகடும் துபாய் அளவுக்குத் தெற்கே தொங்குவதில்லை. தொங்குகிறவைதான் நமக்கு முக்கியம். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

ராமநாதபுரம் இருப்பது 9 பாகைச் சொச்சத்தில். ஜெட் நம் தலைக்கு மேலே வருவதில்லை. (ஆடி, ஆவணியில் சென்னைப் பக்கத்து வானத்தில் ஒரு ஜெட் ஓடும், ஆனால் அது கிழக்கிலிருந்து மேற்கே ஓடுவது. அதை 1950களில் விளக்கி எழுதியவர் நம் வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். குளிர்காலக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) வட இந்தியாவில் மேலே மேற்குக் காற்று, நிலநடுக்கோட்டை ஒட்டி மேலே கிழக்குக் காற்று, இரண்டையும் பிரிக்கிற வரப்புதான் உயர்மட்ட அழுத்த முகடு. நான் சொன்ன நடு ஆள் இதுதான்; இனி முகடு என்று நான் சொல்வது ஜெட்டின் வளைவை அல்ல, இதைத்தான். நவம்பரில் இது பெரும்பாலும் ஆந்திரக் கரை, வட தமிழகம் பக்கம் படுத்திருக்கும். குளிர் ஏற ஏறத் தெற்கே நகரும். முகட்டுக்குத் தெற்கே இருக்கிற தாழ்வு, கிழக்கிலிருந்து மேற்கே தள்ளப்பட்டு இலங்கைக்கோ நமக்கோ வரும். முகட்டைத் தாண்டி வடக்கே போய்விட்ட தாழ்வு மேற்குக் காற்றின் பிடிக்குள் போய், வடக்கு, வடகிழக்கு என்று திரும்பிவிடும். ஆழமாகத் தொங்கும் ஓர் அகடு மத்திய இந்தியா வரை இறங்கினால், இந்த முகட்டை நடுவில் அறுத்து இரண்டாக்கிவிடும் அல்லது தெற்கே தள்ளிவிடும். அந்த இடைவெளி வழியாகத்தான் நம் தாழ்வு நழுவி வடக்கே போகிறது. வாட்ஸ்அப் செய்தி பலிக்கிற வருடங்கள் இவை.

ஆனால் எந்தத் தாழ்வு நழுவும்? இதை யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம். நன்றாக முற்றிய புயல் 12, 14 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கும். அதன் தலை மேல்மட்டக் காற்றில் மாட்டும். சாதாரணத் தாழ்வுப் பகுதியின் சுழற்சியோ மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும், அதை ஓட்டுவது கீழ்மட்ட வாடைக்காற்றுதான், மேலே என்ன ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. ஆக, அகடு இறங்குகிற சமயத்தில் வடக்கே போக வாய்ப்பு அதிகம் உள்ளது பலமான புயல். நமக்கு வர வாய்ப்பு அதிகம் உள்ளது நோஞ்சான் தாழ்வு. கண்மாய்க்கு வேண்டியதும் அந்த நோஞ்சான்தான்.

2013 டிசம்பரில் வந்த மாதி புயல் இதற்குப் பாடப்புத்தகம். டிசம்பர் 6ஆம் தேதி தென்மேற்கு வங்கக்கடலில் தாழ்வு மண்டலமாக ஆரம்பித்து, அதிதீவிரப் புயலாகி, நேராக வடக்கே ஏறியது. 15 பாகையைத் தாண்டியதும் மேலே மேற்குக் காற்றின் வேகத்தில் மாட்டிக்கொண்டது. புயலின் மேல்பாதி ஒரு பக்கம் அடித்துச் செல்லப்பட, கீழ்ப்பாதிச் சுழல் மட்டும் தனியாக நின்றது. தலை போனபின் அது உயரமான புயல் இல்லை, கீழ்மட்டச் சுழல். உடனே வாடைக்காற்றின் கைக்குப் போய்விட்டது, வாடை அதை வந்த வழியே தென்மேற்காகத் திருப்பி ஓட்டியது. வறண்ட காற்றும் குளிர்ந்த கடலும் சேர்ந்து வழியெல்லாம் இளைக்க வைத்து, டிசம்பர் 12 மாலை வேதாரண்யம் பக்கம் வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையேறி, பாக் நீரிணையில் இறங்கி, அன்றிரவே நம் தொண்டி அருகே மறுபடி கரையைத் தொட்டது. வடக்கே போய்விட்டது என்று எல்லாரும் கைகழுவிய புயல் தொண்டியில் வந்து முடிந்தது. ஒரே புயல், ஒரே வாரத்துக்குள், இரண்டு வெவ்வேறு காற்றுகளுக்கு வேலை செய்திருக்கிறது.

எந்தக் காற்றும் கைகொடுக்காமல் நடுவில் நிற்பதும் உண்டு. 2020இல் புரெவி டிசம்பர் 2 இரவு திரிகோணமலைப் பக்கம் இலங்கையைக் கடந்து, மறுநாள் பாம்பன் அருகே மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, ராமநாதபுரம் கரையை ஒட்டி நின்றுவிட்டது. இருபுறமும் உயர் அழுத்தம், தள்ளுவதற்கு ஆளில்லை. ஒரு நாளுக்கு மேல் நகரவே இல்லை. கண் எதிரே புயல் இருக்க, கொட்டித் தீர்த்த மழை சிதம்பரம், கொள்ளிடம் பக்கம். நின்ற இடத்திலேயே அது இளைத்துக் கரைந்தது.

"கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை" என்பது சென்னைக்கும் வட மாவட்டங்களுக்கும் பொருந்துகிற அளவுக்கு நமக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. மார்கழியில் முகடு தெற்கே நகரும்போது வட தமிழகம் அதற்கு வடக்கே போய்விடும், நாம் இன்னும் அதற்குத் தெற்கே இருப்போம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 இரவு வந்தது, மார்கழியில். இலங்கையைக் கடந்து மேற்கே வந்துகொண்டே இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த 2023 டிசம்பர் 17, 18ம் மார்கழிப் பிறப்புதான்.

வானத்தைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். டிசம்பரில் தேவிபட்டினம் கரையில் நின்று பாருங்கள். வாடை அடிக்கும்போது தாழ்வான மேகத்துண்டுகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, கடலிலிருந்து கரைக்கு, வேகமாக ஓடும். அந்தத் துண்டுகளின் இடைவெளியில் மிக உயரத்தில் இழை இழையாக வெண்மேகம் தெரியும். ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, ஒரு தென்னை மட்டையோ மின்கம்பியோ அடையாளம் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் திசை பிடிபடும். அந்த இழைகள் கிழக்கிலிருந்து வந்தால் முகடு நமக்கு வடக்கே இருக்கிறது. மேற்கு, தென்மேற்கிலிருந்து வந்து கீழ்மேகத்துக்கு எதிர்த்திசையில் போனால், மேல்மட்ட மேற்குக் காற்று நம் தலைக்கு மேலேயே வந்துவிட்டது, முகடு தெற்கே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் கடலில் பெரிய புயல் எழுவதும் கடினம்; மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை என்று காற்று இழுத்தால் எழும் மேகக்கோபுரம் சாய்ந்துவிடும்.

போனில் பார்க்க நினைத்தால் விண்டி செயலியில் மூன்று மட்டம் போதும். 200 ஹெக்டோபாஸ்கல் என்பது 12 கிலோமீட்டர் உயரம், அங்கே ஜெட்டையும் முகட்டையும் பாருங்கள். மேற்குக் காற்று கிழக்குக் காற்றாகத் திரும்பும் கோடுதான் முகடு. 850 என்பது ஒன்றரை கிலோமீட்டர், அங்கே தாழ்வின் சுழற்சி. நடுவில் 500. சுழற்சி 850இல் மட்டும் தெரிந்து 500இல் காணாமல் போனால் அது குட்டை ஆள், வாடையோடு போகும். 500இலும் திடமாக இருந்தால் 200இல் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேலான படத்தை நம்பாதீர்கள். அகடு எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது கணிப்புக்கான கணினி மாடலுக்கு மாடல் மாறும், ஓரிரு பாகை மாறினாலே நம் கதை மாறிவிடும்.

இடையூறு கடந்து போனபின் என்ன ஆகும் என்பதும் நமக்கு வேண்டியது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. அகட்டுக்குப் பின்னால் வட இந்தியாவில் குளிர்ந்த காற்று கனத்து உயர் அழுத்தமாக உட்காரும். அங்கிருந்து ஒரு தள்ளு கிளம்பி, ஓரிரு நாளில் வங்கக்கடல் வழியாக நம் பக்கம் வாடை வலுக்கும். வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், மீன்வளத் துறை கடலுக்குப் போகத் தரும் அனுமதி டோக்கனை நிறுத்தும், ராமேஸ்வரத்தில் படகுகள் கரையில் நிற்கும். அதே நாளில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) தேமே என்று இருக்கும். இந்த வாடை வறண்டதாக வந்தால் மழை கிடையாது. நீண்ட தூரம் கடல்மேல் ஓடி ஈரத்தைக் குடித்துவிட்டு வந்து, இலங்கைப் பக்கம் ஒரு சுழற்சியும் இருந்துவிட்டால், கரையோரம் மட்டும் அள்ளிக் கொட்டும், பரமக்குடியில் ஒரு தூறல்கூட இருக்காது.

பொங்கலை ஒட்டி எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இதில்தான். ஜனவரியில் ஜெட் உச்ச பலத்தில், இடையூறுகள் வரிசையாக, முகடு நன்றாகத் தெற்கே. மேல்மட்டப் படத்தை மட்டும் பார்த்தால் "இனி மழையே இல்லை" என்றுதான் தோன்றும். ஆனால் கீழ்மட்டத்தில் கீழைக்காற்று அலை என்று ஒன்று, கிழக்குக் காற்றில் விழுந்து மேற்கே நகரும் வளைவு, சத்தமில்லாமல் வரும், அது குட்டை ஆள், ஜெட்டுக்குத் தட்டுப்படாது. 2021 பொங்கல் சமயத்தில் அப்படிப் பெய்த மழையில்தான் நம் மாவட்டத்தில் முற்றிய நெல் வயலிலேயே சாய்ந்து முளைவிட்டது, மிளகாயும் அழுகியது. அதனால் அறுப்பு மெஷினுக்கு நாள் குறிப்பதற்கு முன், டெல்லியில் பனி எப்படி என்று பார்க்காதீர்கள் தம்பி, இலங்கைக்குத் தென்கிழக்கே 850இல் ஏதாவது வளைகிறதா என்று பாருங்கள்.